சோளம் குடிக்கும் கார்: குற்றவாளி யார்?

சென்ற வாரம் இரவு ஷிப்ட் முடித்து வந்த பஞ்சாலைத் தோழர் ஒருவர், டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனை நீட்டினார். "இந்தக் கூத்தைப் பாருங்கள் அண்ணே!" என்றார்.

அமெரிக்காவில் எங்கோ ஒரு நேரான சாலை. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நடுவே ஒரு கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் எரிந்து பச்சை விழுகிறது. சக்கரத்தில் புகை. இரண்டும் பாய்கின்றன. கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர். பத்து விநாடிக்குள் முடிந்துவிட்டது. பஞ்சுப் பொதியிலிருந்து ஒரு பிடி உருவுகிற நேரம் கூட இல்லை.

"இது பெட்ரோலில் ஓடவில்லை அண்ணே. சாராயத்தில் ஓடுகிறது. மக்காச்சோளத்தில் காய்ச்சிய சாராயம்! மனுஷன் தின்கிற தானியத்தைக் காய்ச்சிப் பத்து விநாடிக்குப் புகையாக விடுகிறான். இதைக் கண்டித்து நாம் எழுத வேண்டாமா?"

எழுதத்தான் வேண்டும் என்றேன். ஆனால் தோழர் நினைத்தபடி அல்ல. அவர் கோபம் நியாயமானது. அது போய் விழுகிற இடம்தான் தவறு. இந்தத் தவற்றை அவர் மட்டும் செய்யவில்லை. பெரிய பத்திரிகைகளில் தலையங்கம் எழுதும் கனவான்களும் இதையே செய்கிறார்கள். ஏழை வீட்டுப் பையன் ஒரு பழைய காரை முடுக்கினால் "தானியத்தை எரிக்கிறான்" என்று உபதேசம் செய்வார்கள். கம்பெனி கோடிக்கணக்கான டன் தானியத்தைக் காய்ச்சினால் "பசுமைப் புரட்சி" என்று தோரணம் கட்டுவார்கள். அந்த உபதேசமும் இந்தத் தோரணமும் ஒரே கடைச் சரக்கு.

முதலில் இந்தப் பந்தயக்காரன் யார் என்று பார்ப்போம்.

டெலிவிஷனில் வருகிற பெரிய பந்தயங்கள் வேறு. அங்கே விளம்பரக் கம்பெனிகள் பணம் கொட்டுகின்றன. நைட்ரோமீத்தேன் என்ற ரசாயனத்தை எரிக்கிறார்கள். நான் சொல்வது சனி, ஞாயிறுகளில் ஊர்ப்புற ஓடுதளங்களுக்குத் தன் காரைத் தானே இழுத்து வருகிறவர்களை. மெக்கானிக், வெல்டர், லாரி டிரைவர், பண்ணை வீட்டுப் பையன் என்று இவர்களில் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து வீடு திரும்பிய வாலிபர்கள், பழைய கார்களைப் பிரித்துக் கட்டித் தெருக்களில் ஓடினார்கள். போலீஸ் துரத்தியது, பத்திரிகைகள் காலிகள் என்று எழுதின. பிறகு, சும்மா கிடந்த விமான ஓடுதளங்கள் கிடைத்தன. 1950இல் கலிபோர்னியாவில் சாண்டா அனா விமான தளத்தில் முறையான பந்தயம் தொடங்கியது. 1951இல் தேசிய சங்கம் ஏற்பட்டது. நம் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்திலும் யுத்த கால விமான தளத்தில்தான் கார்ப் பந்தயம் பல்லாண்டு நடந்தது. ஆனால் இங்கே அது ராஜாக்களும் ஆலை முதலாளி மக்களும் முன்வரிசையில் நின்ற விளையாட்டு; நம் ஆட்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அங்கே தொழிலாளி உள்ளே புகுந்துவிட்டான். இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

அவர்கள் வைத்திருக்கும் விதி ஒன்றைக் கேளுங்கள். பந்தயத்துக்கு முன் ஒவ்வொருவரும் தன் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்று கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். மெதுவான காருக்கு முதலில் பச்சை விளக்கு. வேகமான காருக்கு வித்தியாச நேரம் கழித்துப் பச்சை. எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி! ஆகையால் பணக்காரன் பெரிய இஞ்சின் வாங்கிப் போட்டதாலேயே ஜெயித்துவிட முடியாது. கடைக்குப் போய்வருகிற காரை வைத்திருப்பவனும், இஞ்சினின் குணம் தெரிந்து விளக்கு விழுந்த கணத்தில் கால் வைக்கத் தெரிந்தவனானால், அவனைத் தோற்கடிக்கலாம். கைத்திறனுக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிற இடம் அது. இதை நான் பழிக்க மாட்டேன்.

சரி, அவன் ஏன் சாராயத்துக்குப் போனான்?

மோட்டார் ஷெட்டில் வேலை செய்த தோழர்களுக்கு இது தெரியும். பிஸ்டன் கலவையை நெருக்க நெருக்கச் சக்தி கூடும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் நெருக்கினால், சாதாரணப் பெட்ரோல் தீப்பொறி பரவி முடியும் முன் கண்ட இடத்தில் வெடிக்கும். இஞ்சின் டொக் டொக்கென்று தட்டும். தட்டுகிற இஞ்சினை விரட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். சாராயம் அப்படிச் சுலபத்தில் தட்டாது. அதோடு, ஆவியாகும்போது நிறையச் சூட்டை உறிஞ்சி உள்ளே போகும் காற்றைக் குளிர வைக்கும். குறையும் உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். சாராயத்துக்கு 9 பங்கு போதும். ஆகவே அதே காற்றுக்கு அதிகச் சாராயம் ஊற்ற வேண்டும். பம்பையும் இஞ்செக்டரையும் பெரிதாக மாற்ற வேண்டும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அங்கே பங்கில் 'ஈ-85' என்ற பெயரில் விற்கும் எண்ணெயில் 51 முதல் 83 சதவீதம் வரை சாராயம் இருக்கும். பந்தயத்துக்கென்று விற்கும் பெட்ரோலின் விலையோடு பார்த்தால் இது மிகவும் மலிவு. அந்தப் பந்தயப் பெட்ரோலில் சில வகைகளில் இன்றும் ஈயம் கலந்திருக்கிறது. சாலைக் கார்களுக்கு அமெரிக்காவில் ஈயப் பெட்ரோல் 1996இல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. பந்தயக் காருக்கு விதிவிலக்கு உண்டு. தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பந்தயம் பார்க்கிறவன், ஈயப் புகைக்குப் பதில் சாராயப் புகை போதும் என்று நினைத்தால் அது குற்றமா?

இந்த ஈயத்தின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சாராயத்துக்கு இன்று பூஜை போடும் வர்க்கம் நூறு வருஷத்துக்கு முன் அதை என்ன செய்தது என்பது அங்கேதான் இருக்கிறது.

இஞ்சின் தட்டுவதை நிறுத்த வழி தேடி, ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்ற இஞ்சினியர் வேலை செய்தார். சாராயம் கலந்தால் தட்டல் நிற்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். 1921இல் 30 சதவீதம் சாராயம் கலந்த பெட்ரோலில் அவரே கார் ஓட்டிக் காட்டினார். ஆனால் சாராயத்தை எவனும் காய்ச்சலாமே! குடியானவன் தன் கொல்லையில் கூடக் காய்ச்சுவான். அதன் மேல் ஏகபோகம் கொண்டாடுவது எப்படி? அதே 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் ஈயம் அகப்பட்டது. துளி போதும், உரிமையும் கம்பெனியின் கையில். ஈயம் விஷம் என்பது ரோமாபுரிக் காலத்திலிருந்து தெரிந்த சங்கதி. அதனால் என்ன? 1923இல் விற்பனைக்கு வந்தது. 'ஈயம்' என்ற சொல்லையே மறைத்து 'எத்தில்' என்று நாமகரணம் செய்தார்கள். 1924இல் ஜெனரல் மோட்டார்ஸும் நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் கூடிக் கம்பெனி அமைத்தன.

அதே 1924 அக்டோபரில், நியூஜெர்சியில் பேவே என்ற இடத்திலிருந்த ஸ்டாண்டர்ட் ஆயில் தொழிற்கூடத்தில், ஈயம் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சித்தம் கலங்கிற்று. இல்லாத பூச்சிகளைக் கையால் தட்டினார்கள், அலறினார்கள், கட்டிப்போட்டுத் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. ஐந்து பேர் செத்தார்கள். முப்பதுக்கு மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். டூபான் கம்பெனியின் டீப்வாட்டர் தொழிற்கூடத்தில் இதே வேலை நடந்த கட்டடத்துக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'வண்ணத்துப்பூச்சி வீடு'. சித்தம் கலங்கியவன் கண்ணுக்குப் பூச்சிகள் பறந்ததால் வந்த பெயர். பேவேயில் ஒரு மேற்பார்வையாளர் நிருபர்களிடம் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? அந்த ஆட்கள் ரொம்பக் கடினமாக உழைத்ததால் பைத்தியம் பிடித்திருக்கலாமாம்! அக்டோபர் 30ஆம் தேதி மிட்ஜ்லி நிருபர்களைக் கூட்டி, அந்த ஈய நீரைக் கையில் ஊற்றிக் கழுவி, மூக்கருகே வைத்து மோந்து காட்டினார். ஒன்றும் ஆபத்தில்லை என்றார். அந்த மனிதர் முந்திய வருஷம்தான் ஈய விஷத்துக்கு ஓய்வும் வைத்தியமும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

1925இல் விற்பனை கொஞ்ச காலம் நின்றது. 1926இல் ஒரு கமிட்டி தடை செய்யக் காரணம் இல்லை என்றது. பிறகு ஐம்பது, அறுபது வருஷம் உலகம் முழுவதும் குழந்தைகள் அந்தப் புகையைக் குடித்தார்கள். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் பங்குகளிலிருந்து அது ஒழிந்தது 2021இல். சாராயம் அத்தனை காலமும் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அப்படியானால், சாராயம் எப்போது புண்ணிய தீர்த்தமாயிற்று? அதில் லாபம் உத்தரவாதமானபோது.

அமெரிக்கக் காங்கிரஸ் 2005இல் ஒரு சட்டம் போட்டது. 2007இல் அதைப் பெருக்கிற்று. பெட்ரோலில் இவ்வளவு சாராயம் கலந்தே தீர வேண்டும் என்பது சட்டம். மக்காச்சோளச் சாராயத்துக்கு 2015 முதல் வருஷம் 1,500 கோடி காலன் வரை இடம். நம் கணக்கில் ஏறத்தாழ 5,700 கோடி லிட்டர். "குடியானவனின் எண்ணெய்" என்று இதற்கு முரசு கொட்டினார்கள். குடியானவனுக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம். கலப்புக்குச் சர்க்கார் கொடுத்த வரிச் சலுகை காலனுக்கு 51 சென்ட், பின்னர் 45 சென்ட். 2011 முடிவில்தான் நின்றது. அது யாருக்கு? விதைத்தவனுக்கு அல்ல, கலந்தவனுக்கு. அதாவது பெட்ரோல் வியாபாரிக்கு! வெரசன் என்ற பெரிய சாராயக் கம்பெனி 2008இல் திவாலாயிற்று. அதன் ஆலைகளில் பலவற்றை 2009இல் வாங்கியது வலெரோ, பெட்ரோல் சுத்திகரிப்புக் கம்பெனி. பெட்ரோலுக்கு எதிரி என்று சொல்லப்பட்ட சரக்கு பெட்ரோல்காரன் வீட்டிலேயே குடியேறிவிட்டது.

சோள விலை ஏறியது உண்மைதான். ஆனால் சோளத்தின் தலைநகரான அயோவாவில் விளைநிலத்தில் ஏறத்தாழப் பாதி குத்தகை நிலம். அங்கே சராசரிக் குத்தகை 2007இல் ஏக்கருக்கு 150 டாலர். 2013இல் 270 டாலர். குத்தகைக்காரன் ஒரு கையில் வாங்கியதை மறு கையால் நிலச்சொந்தக்காரனிடம் எண்ணிக் கொடுத்தான். நம் டெல்டாவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பூமியைக் காப்பாற்றுகிறதாமே, அதாவது உண்மையா? சர்க்கார் ஆதரவுக் கணக்குகள் பெட்ரோலைவிடக் கரிப்புகை நன்றாகக் குறைவு என்கின்றன. 2022இல் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர், புது நிலத்தை உழுததையும் கொட்டிய உரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, குறையவில்லை, 24 சதவீதம் கூடவே இருக்கலாம் என்றார்கள். சண்டை இன்னும் தீரவில்லை. தீராத கணக்கின் மேல்தான் இத்தனை தோரணமும்.

இனி நம் தோழரின் கணக்குக்கு வருகிறேன். 25.4 கிலோ மக்காச்சோளத்தில் சுமார் 10.6 லிட்டர் சாராயம் இறங்குகிறது. லிட்டருக்கு 2.4 கிலோ. மூன்றில் ஒரு பங்கு எடை மாட்டுத் தீவனச் சக்கையாகத் திரும்பி வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பந்தயக்காரன் ஓர் ஓட்டத்துக்கு மூன்று லிட்டர் சாராயம் எரித்தான் என்று வைத்துக்கொள்வோம். ஏழு கிலோ சோளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து ஓட்டம் ஓடினால் எழுபது கிலோ. வருத்தம்தான். ஆனால் அமெரிக்கச் சாராய ஆலைகளுக்குள் ஒரு வருஷத்தில் போகும் மக்காச்சோளம் 13 கோடி டன்! அந்த நாட்டு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அது ஓடுதளத்துக்குப் போகவில்லை. ஆபீசுக்கும் கடைக்கும் போகிற ஒவ்வொரு காரிலும், ஓட்டுகிறவனைக் கேட்காமலே, பத்துக்கு ஒன்று என்று கலந்து எரிகிறது. ஓடுதளங்கள் அத்தனையையும் நாளைக்கே இழுத்து மூடினாலும் இந்தக் கணக்கில் தூசு கூடப் பறக்காது. யானை போகும் வாசலை விட்டுவிட்டு எலி வளைக்கு மண் அப்புகிறார்கள் நம் தலையங்கக் கனவான்கள்.

2007 ஜனவரியில் மெக்சிகோவில் சோள ரொட்டி விலை தாவிற்று. அதுதான் அங்கே ஏழையின் சோறு. 1994 வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பின் அமெரிக்கச் சோளத்தை நம்பி வாழும் நிலைக்கு அந்த நாடு தள்ளப்பட்டிருந்தது. அமெரிக்காவில் சாராயத்துக்காக விலை ஏற, இங்கே பதுக்கல்காரனுக்குக் கொண்டாட்டம். ஜனவரி 31ஆம் தேதி தலைநகரில் பல்லாயிரம் பேர் திரண்டு ஊர்வலம் போனார்கள். அதற்கு முன்பே சர்க்கார் வியாபாரிகளோடு பேசிக் கிலோவுக்கு 8.50 பெசோ என்று உச்ச விலை ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. அந்த வருஷ அக்டோபரில் ஐ.நா.வின் உணவு உரிமை அறிக்கையாளர் ஜான் சீக்லர், விளைநிலத்தை எரிபொருளுக்குத் திருப்புவது மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றார். அவர் பந்தயக்காரனைச் சொல்லவில்லை.

கரும்பு வெட்டும் தோழர்கள் இதையும் கேட்க வேண்டும். பிரேசிலில் கரும்புச் சாராயம் எல்லாப் பங்கிலும் கிடைக்கும். அங்கேயும் பழைய கார்களை முடுக்கி 201 மீட்டர், 402 மீட்டர் ஓடும் வாலிபர்கள் உண்டு. சாராயம்தான் அவர்களுக்கு ஆகாரம். அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது 1975இல் ராணுவ ஆட்சி. சாவோபாலோ மாகாணத்தில் கரும்பு வெட்ட, வறண்ட வடகிழக்கிலிருந்து ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். கூலி டன் கணக்கு. ஆனால் வெட்டியவன் கண் முன்னே எடை போடுவதில்லை; வயலில் மீட்டர் அளந்து, ஆலைக்காரன் டன்னாக மாற்றிச் சொல்வான். அவன் சொன்னதுதான் எடை.

ஒவ்வொருவனுக்கும் ஐந்து சால் அகலம் கொடுத்து, வெட்டியதை நடுச்சாலில் குவிக்கச் சொல்வது வழக்கம். ஆலைகள் அதை ஏழு சாலாக்கின. கேட்பதற்குச் சின்ன விஷயம்! ஆனால் ஓரத்துச் சாலில் வெட்டியதைச் சுமந்துகொண்டு நடக்கும் தூரம் கூடிற்று, நாளுக்கு முன்னேறும் மீட்டர் குறைந்தது, கூலியும் குறைந்தது. 1984 மே மாதம் குவாரிபா என்ற ஊரில் வெட்டுத் தொழிலாளர்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். கொள்ளைக் கட்டணம் வசூலித்த தண்ணீர்க் கம்பெனி ஆபீசும் அவர்கள் கோபத்துக்குத் தப்பவில்லை. போலீஸ் சுட்டது. ஓர் உயிர் போயிற்று. ஆனால் ஐந்து சால் திரும்பி வந்தது! ராணுவ ஆட்சி இன்னும் நாற்காலியில் இருந்தபோதே வந்தது.

அதற்குப் பிறகு வேறு வழியில் பிடுங்கினார்கள். ஆள் ஒன்றுக்கு நாளுக்கு ஆறு டன் என்றிருந்த வெட்டு, இருபது வருஷத்தில் பன்னிரண்டு டன்னாயிற்று. கார் உலகம் முழுவதும் 'பசுமை எண்ணெய்' என்று கைதட்டிய 2004க்குப் பிந்திய வருஷங்களில், சாவோபாலோக் கரும்புக் காடுகளில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட வெட்டாட்கள் வேலையிலும் வேலை முடிந்தும் சுருண்டு விழுந்து செத்தார்கள். மிதமிஞ்சிய உழைப்பால் வரும் அந்தச் சாவுக்குத் தொழிலாளர்கள் 'பிரோலா' என்று ஒரு பெயரே வைத்திருந்தார்கள். பிறகு இயந்திரம் வந்தது. சாவு குறைந்தது, வேலையும் போயிற்று.

நம் நாட்டிலும் இந்தப் பூஜை தொடங்கியாயிற்று. பெட்ரோலில் 20 சதவீதம் சாராயம் என்ற இலக்கு 2030க்கு வைத்தது. 2025இலேயே எட்டிவிட்டோம் என்று டில்லி சர்க்கார் மார் தட்டியது. கரும்பு போதவில்லை. மக்காச்சோளம் போயிற்று. உணவுக் கழகத்தின் அரிசியும் போயிற்று. 2024-25 சாராய வருஷத்துக்கு 52 லட்சம் டன் அரிசி ஒதுக்கினார்கள். விலை கிலோ 22 ரூபாய் 50 காசு. அதைக் கொள்முதல் செய்து அரைத்துக் காக்கச் சர்க்காருக்கு ஆகும் செலவு இதைவிட எவ்வளவோ அதிகம். இதே உணவுக் கழக அரிசியைத் தன் ஜனங்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க, 2023இல் ஒரு மாநில சர்க்கார் காசு கொடுத்துக் கேட்டது. கிடையாது என்றார்கள்! நாம் டீக்கடையில் கோபப்பட வேண்டியது இதற்கு.

சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைந்த சரக்கை ஐந்தில் ஒரு பங்கு கலந்தால், லிட்டருக்கு ஓடும் தூரம் நூற்றுக்கு ஆறோ ஏழோ குறைய வேண்டும் என்பது சாதாரணக் கணக்கு. சர்க்கார் அவ்வளவு குறையாது என்கிறது. குறைந்தது எவ்வளவானாலும், அதற்காகப் பங்கில் விலையைக் குறைக்கவில்லை. நம் தோழரின் மொபெட்டும் இன்று சாராயம்தான் குடிக்கிறது. அவரை யாரும் கேட்கவில்லை. அவர் பந்தயமும் ஓடவில்லை.

இதைச் சொன்னபோது அவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அப்படியானால் நம்ம ஊர்ப் பக்கம் கரும்பு வெட்டுக்கு டன்னுக்கு என்ன கொடுக்கிறான் அண்ணே?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மூன்று ஊர்க் கணக்கைச் சொன்னேன். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. ஆகையால் வெட்டுக்குப் போகும் தோழர்கள், டன்னுக்கு என்ன கூலி, எடை யார் முன்னால் போடுகிறார்கள், மேஸ்திரி பிடித்தம் எவ்வளவு, ஆலையில் சாராயப் பிரிவு இருக்கிறதா என்ற நான்கு விவரங்களையும் ஒரு கார்டில் எழுதிப் பத்திரிகை ஆபீசுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.